கவசத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை

என் ஓரகத்தி மஹாலட்சுமியைப் பற்றி எழுதுகிறேன். அவள் ஊர் அறிந்த ஆள் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தால்கூட, குமாரவேல் சம்சாரம் என்று சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் கைபேசிக்குள் நடக்கும் ஒரு விளையாட்டில், பத்துப் பேர் உள்ள ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற ஆள் அவள்தான். அந்த இடத்தை அவளிடமிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்த ஒரு வாரம் அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அந்த விளையாட்டில் அவள் எனக்குப் புரிய வைத்த அளவுக்குத்தான் எழுதத் தெரியும்.

எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைப் புடவை நெய்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில், ஒவ்வொரு வரியிலும் இழையோடு இழை கைகோத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் இதை நெய்ய முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அவர் கால்பலகையை மிதிக்கிற நேரத்துக்குச் சரியாகக் கரை இழை ஓடுகிற நாடாக் கட்டையை வீசிக் கொடுக்க வேண்டும். கொழுந்தனார் குமாரவேல் நெய்வார். பக்கத்தில் லட்சுமி. இருபது வயதில் வந்து உட்கார்ந்தவள், பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். புடவை முடிந்தால் குமாரவேல் நெய்தது என்பார்கள். அதில் பொய் இல்லை. லட்சுமியே அப்படித்தான் சொல்லுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரம் வேலை இல்லை. அவள் மகள் கீர்த்தி சென்னையில் விடுதியில் இருந்து படிக்கிறாள். தன்னுடைய பழைய போனை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தாள். அதற்குள் இருந்தது அந்த விளையாட்டு. அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர். ஏழு கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதால் நாங்கள் ஏழுகோட்டை என்போம். உள்ளே நுழையும்போதே நீ யாராக இருக்கப் போகிறாய் என்று கேட்கும். அம்பு எய்பவர், மந்திரம் போடுபவர், காயம் ஆற்றுகிற வைத்தியர், கேடயம் பிடித்து முன்னால் நிற்பவர். வைத்தியர்தான் சுலபம், அதை எடுத்துக்கொள் என்று கீர்த்தி போனில் சொன்னாள். லட்சுமி கேடயத்தை எடுத்தாள். பெயர் வைக்கச் சொன்னபோது 'கோர்வை' என்று வைத்தாள்.

பிறகு அதில் ஒரு கூட்டம் சேர்ந்தது. தலைவன் தாவீது, முசரவாக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பது வயது, ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. எல்லாருக்கும் ஓய்வு கிடைக்கிற நேரம் ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. நான் பக்கத்தில் ராட்டினத்தில் பட்டுச் சுற்றிக்கொண்டிருப்பேன். போனிலிருந்து பல ஊர்க் குரல்கள் வரும். கோர்வைக்கா இந்தப் பக்கம் வாங்க, கோர்வைக்கா பிடிச்சிக்கோங்க என்று ஒரு மத்தியானத்துக்குள் நாற்பது தடவை கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவளை அத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாலு கோட்டை பிடித்தார்கள். ஐந்தாவதில் கல்லரக்கன் நின்றான்.

அவன் கையில் சம்மட்டி. முன்னால் நிற்கிற ஆளையே அடித்துக்கொண்டிருப்பான். அந்த ஆள் விழாமல் நின்றால்தான் பின்னால் இருக்கிற ஒன்பது பேரும் அவனைத் தாக்க முடியும். விழுந்துவிட்டால் எல்லாரும் முடிந்தார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஐந்து தடவையும் முதலில் விழுந்தது லட்சுமி.

ஏன் விழுகிறாள் என்று அவளுக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. விளையாட்டில் ஏற ஏறப் புள்ளி கொடுப்பார்கள். அவளிடம் அறுபது புள்ளி இருந்தது. பலம், கவசம், உயிர், வேகம், மந்திரம் என்று ஐந்து இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். அவள் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு போட்டிருந்தாள். எங்கள் வேலை செய்கிற யாரும் அப்படித்தான் போட்டிருப்போம். நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகளில் ஒரு பக்கம் இழுவையாகவும் ஒரு பக்கம் தொய்வாகவும் இருந்தால் புடவை சுருங்கிப் போகும். எல்லா இழைக்கும் ஒரே இழுவை என்பது எங்களுக்குச் சோறு உண்கிற மாதிரிப் பழகிய விஷயம். அந்தப் பழக்கத்தில் புள்ளியையும் சமமாகப் பங்கு வைத்துவிட்டாள். விளையாட்டில் அப்படிச் செய்தால் எதற்கும் உதவாத ஆளாக நிற்க வேண்டியதுதான் என்று ராமராஜன் சிரித்தான். அவன் ஓரிக்கையில் டீக்கடை வைத்திருக்கிறவன், அந்தக் கூட்டத்தில் இன்னொரு கேடயக்காரன். கவசத்திலேயே முப்பது புள்ளி போட்டிருப்பவன்.

ஐந்தாவது தடவை விழுந்த அன்று தாவீது அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். கூட்டத்தில் வைத்தியம் பார்க்க அரக்கோணத்துச் சம்பூர்ணம் ஒருத்திதான் இருக்கிறாள், கை போதவில்லை. அதனால் லட்சுமி வைத்தியராக மாறிக்கொள்ளட்டும், முன்னால் ராமராஜன் நிற்கட்டும் என்றான்.

"பொம்பளைங்க ஹீலரா இருந்தா நல்லா வரும் கா. பொறுமை இருக்குதுல்ல" என்றான்.

லட்சுமி கேட்டாள்: "ராமராஜன் பொறுமை இல்லாதவனாப்பா?"

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. புள்ளிகளைக் கலைத்து மறுபடி போடுவதற்கு அவளிடம் ஒரே ஒரு ஓலை பாக்கி இருந்தது. அதை ஒரு தடவைதான் பிரிக்கலாம், வைத்தியராக மாறவும் அதேதான் வேண்டும். அதைப் பிரித்துப் புள்ளியை மாற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறு ஒரே ஒரு முறை முன்னால் நிற்கிறேன், விழுந்தால் இடத்தை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாள். விழுந்தால் வைத்தியராகவும் மாற முடியாதே, ஓலை தீர்ந்திருக்குமே என்றான் தாவீது. தெரியும் என்றாள். அப்போது கூட்டத்திலேயே இடம் இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அவன் ஒப்புக்கொண்டான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குழம்பினால் அம்மனிடம் கேட்பது என் வழக்கம். மறுநாள் காலை தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனேன். நந்தியாவட்டையை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைத்தேன். வெள்ளை வந்தால் வைத்தியம், சிவப்பு வந்தால் கேடயம். இந்த அற்ப விஷயத்துக்குப் பூக் கேட்கலாமா என்று ஒரு பயம் இருந்தது. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது, அது எனக்கு அற்பமாகத் தெரியவில்லை. பூக்காரி பூவம்மாளை ஒன்றை எடுக்கச் சொன்னேன். பிரித்தால் வெள்ளை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அம்மனே சொல்லிவிட்டாள், வீம்பு வேண்டாம் என்றேன். லட்சுமி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"இன்னான்னு கேட்டீங்க கா?"

"உனக்கு எது நல்லதுன்னு கேட்டேன். யார்கிட்டயும் பேச்சு வாங்காம இருக்க எது நல்லதுன்னு."

"பேச்சு வாங்காம இருக்கணும்னா அதுதான் சரி. அம்மன் ஒண்ணும் தப்பா சொல்லல. ஆனா கேட்ட கேள்வி என்னுது இல்லியே கா."

அவள் தண்ணீரை வடித்துவிட்டு மெதுவாக இன்னொன்றும் சொன்னாள்.

"காமாட்சி நாலு கையிலயும் இன்னா வெச்சிக்கினு இருக்குது? வில்லு, அம்பு, பாசக்கயிறு, அங்குசம். ஒரு கையிலயாவது மருந்துக் கிண்ணி இருக்குதா?"

இத்தனை வருஷம் அவள் சன்னிதியில் நின்றிருக்கிறேன். எனக்கு அது தோன்றியதே இல்லை. அதற்குப் பிறகு நான் அவளுக்கு யோசனை சொல்வதை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் புட்டா வரைகிற கட்டத் தாள் ஒன்றை எடுத்தாள். சேலைக்கு மயிலும் யாளியும் போடுவதற்கு முன்னால், கட்டம் கட்டமாக வரைந்து பார்க்கிற தாள் அது. ஒரு கட்டம் ஒரு புள்ளி என்று அறுபது கட்டத்துக்குக் கோடு போட்டாள். பென்சிலால்தான் நிரப்பினாள், அழித்து எழுத வசதியாக.

முதலில் கல்லரக்கன் என்ன செய்கிறான் என்று எழுதினாள். சம்மட்டியால் அடிப்பான், முதலில் மூன்று நொடிக்கு ஒரு அடி, சாகப் போகும் சமயத்தில் இரண்டு நொடிக்கு ஒரு அடி. நடுநடுவே நெருப்பு ஊதுவான். நெருப்பைக் கேடயமும் தடுக்காது, கவசமும் தடுக்காது. நேராக உயிரில் தொள்ளாயிரத்தைத் தின்றுவிடும். ஆனால் சம்மட்டி விழுகிற அதே கணத்தில் கேடயத்தைத் தூக்கினால் ஒரு கீறலும் விழாது. முன்னே பின்னே தூக்கினால் அடி உள்ளே வரும். அந்தக் கணத்தைப் பிடிக்கிறது கஷ்டம் என்பதால்தான் எல்லாரும் கவசத்தில் புள்ளியைக் கொட்டுகிறார்கள்.

இதை எழுதிவிட்டு பென்சிலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, கையால் செய்யக்கூடிய வேலைக்குப் புள்ளி எதற்கு என்று கேட்டாள். கையால் முடியாததற்குத்தானே புள்ளி வேண்டும்.

அங்கிருந்துதான் கணக்கு மாறியது. கேடயத்தை ஒரு தடவை தூக்கிவிட்டால் மறுபடி தூக்க மூன்று நொடி ஆகிறது. அவள் கை தயாராக இருந்தாலும் விளையாட்டு விடாது. அதனால்தான் கடைசி நேரத்தில் ஒரு அடியைத் தடுத்தால் அடுத்த அடி உள்ளே வந்தது. இரண்டு நொடியில் தூக்க வேகத்தில் இருபத்திரண்டு வேண்டும். அது கையால் ஆகாது, அதற்குப் புள்ளி. பலம் பதினெட்டுக்குக் கீழே போனால் அரக்கன் இவளை மதிக்காமல் பின்னால் நிற்பவர்கள் பக்கம் திரும்பிவிடுவான். அதுவும் கையால் ஆகாது. நாற்பது போயிற்று. மந்திரம் கேடயக்காரிக்கு எதற்கு, அதை முழுசாக அழித்தாள். மீதி இருபது.

அந்த இருபதில்தான் இரண்டு நாள் நின்றாள். கவசத்தில் பன்னிரண்டை விட்டு வைத்தால் உயிருக்கு எட்டு. அப்போது அவள் உயிர் மொத்தமே தொள்ளாயிரம், முதல் நெருப்பிலேயே முடிந்தது. இருபதையும் உயிரில் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு. நெருப்பு தின்றது போக அறுநூறு நிற்கும். கவசம் இல்லாத உடம்பில் சம்மட்டி ஒரு தடவை விழுந்தால் ஐந்நூற்று ஐம்பது. மிச்சம் ஐம்பது.

"ஒரு தப்புக்கு எடம் இருக்குது. ரெண்டுக்கு இல்ல" என்றாள்.

கவசத்துக்கு விட்டிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். தாளில் அந்த வரிசை வெள்ளையாக இருந்தது.

டேலண்ட் என்று இன்னொன்றும் உண்டு. கொடுத்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று இரும்புத்தோல், அடியின் வலி குறையும். மற்றது, சரியான கணத்தில் கேடயம் தூக்கினால் அடித்தவன் ஒரு கணம் தடுமாறுவான். நேரம் தவறுகிறவர்களுக்கு இரண்டாவது ஒரு பிரயோசனமும் இல்லை. கூட்டத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. லட்சுமி அதைத்தான் குறித்தாள்.

ஓலையை அவள் உடனே பிரிக்கவில்லை. தன் கையை நம்பலாமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு அவளிடம் இருந்த ஒரே இடம் தறிதான்.

புதன்கிழமை காலை தறியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கொழுந்தனாரின் மிதியை மட்டும் கேட்டு நாடா வீசப் போவதாகச் சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணி, அடிவாங்குற கலைக்கு இந்தப் புடவைதான் கெடச்சுதா இவளுக்கு?" என்றார். ஆனாலும் மிதித்தார். நாற்பது வரி நாடா தவறவில்லை. அப்புறம் அவரை மெதுவாக மிதிக்கச் சொன்னாள், திடீரென்று வேகமாக மிதிக்கச் சொன்னாள். இடையில் ஒரு வரியில் கரை கோக்காமல் போனது. அவர் தறியை நிறுத்தினார். அவளே குனிந்து இழையைப் பிரித்து எடுத்து, மறுபடி கோத்தாள். என்ன தவறியது என்று நான் கேட்டேன். மிதியைக் கேட்பதற்குப் பதிலாக அடுத்த மிதியை நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் என்றாள்.

சனிக்கிழமை வரை இப்படியே போனது. கொழுந்தனாருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே திடீரென்று மிதிப்பார், தும்மல் வருகிற மாதிரி பாவனை செய்துவிட்டு மிதிக்காமல் இருப்பார். அவள் ஏமாறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஓலையைப் பிரித்தாள். உயிர் இருபது, வேகம் இருபத்திரண்டு, பலம் பதினெட்டு. பழைய புள்ளிகள் எல்லாம் உதிர்ந்து, புதிதாக ஏறியதை நானும் பார்த்தேன்.

ஞாயிறு அமாவாசை. அமாவாசைக்குத் தறியைத் தொட மாட்டோம். படையல் முடிந்து சாப்பிட்டு, மூன்று மணிக்கு அவள் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காதில் ஒயர் மாட்டிக்கொள்ளவில்லை, சத்தம் வெளியிலேயே வரட்டும் என்று வைத்தாள். கொழுந்தனாரும் வந்து உட்கார்ந்தார்.

உள்ளே நுழைந்ததும் ராமராஜன் அவள் எண்களைப் பார்த்துவிட்டான்.

"யக்கா, கவசத்துல முட்டை போட்டு வெச்சிருக்கீங்க. ஹெல்மெட் இல்லாம பைபாஸ்ல போறா மாரி இருக்குது."

தாவீதுக்கும் கவலைதான். மாற்ற முடியாதா என்று கேட்டான். முடியாது என்றாள். அவன் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. சரி, போகலாம் என்றான்.

கல்லரக்கன் எழுந்தான். லட்சுமி திரையைப் பார்க்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்மட்டியை ஓங்கும்போது கல் உரசுகிற ஒரு சத்தம், அப்புறம் ஒரு சின்ன அமைதி, அப்புறம் அடி. அந்த அமைதி முடிகிற இடத்தில் அவள் கட்டைவிரல் இறங்கியது. கணீர் என்றது. மறுபடி கணீர். அரக்கன் ஒவ்வொரு தடவையும் தள்ளாடினான், பின்னால் இருந்தவர்கள் போட்டுத் தாக்கினார்கள். நெருப்பு வந்தது, உயிர் அறுநூறுக்கு இறங்கியது, சம்பூர்ணம் நிரப்பினாள். மறுபடி நெருப்பு, மறுபடி நிரப்பினாள். முதலில் போனில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் ஒருத்தரும் பேசவில்லை. நான் லலிதா நாமத்தை மனசுக்குள் சொல்ல ஆரம்பித்து, எங்கே விட்டேன் என்று தெரியாமல் நிறுத்தினேன்.

கடைசியில் அவன் வேகம் கூட்டினான். இரண்டு நொடிக்கு ஒரு அடி. அவளும் கூட்டினாள். அப்போது நெருப்பு வந்தது. அதே நேரம் அது பட்டு ராமராஜன் விழுந்துவிட்டான், ஐயோ என்று ஒரு சத்தம் போட்டான். அவள் காது அந்தப் பக்கம் போய்விட்டது. சம்மட்டி உள்ளே இறங்கியது.

உயிர் ஐம்பது.

கொழுந்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகம் மாறவில்லை. தறியில் அன்று இழை தவறியபோது எப்படிக் குனிந்தாளோ, அப்படியே கொஞ்சம் முன்னால் குனிந்தாள். சம்பூர்ணத்துக்கு மறுபடி மந்திரம் சொல்ல நேரம் ஆகும். அதற்குள் நாலு அடி. நாலையும் அவள் தடுத்தாள். ஐந்தாவதை அரக்கன் ஓங்கினான், கல் உரசியது, அமைதி வந்தது. அவள் விரல் இறங்கவில்லை. அரக்கனின் கையும் இறங்கவில்லை. அப்படியே முழங்கால் மடிந்து பொடிப்பொடியாக உதிர்ந்தான்.

பத்துப் பேரில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் முதல் ஆள் கோர்வை.

விரலை ஏன் இறக்கவில்லை என்று பிறகு கேட்டேன். அடி வராத அமைதி வேற மாதிரி இருக்கும் என்றாள். கொழுந்தனாரின் பொய்த் தும்மலுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாவீது, "முன்னாடி யாருன்னு இனிமே நான் கேக்க மாட்டேன் கா" என்றான். ஆறாவது கோட்டைக்குப் பட்டியல் போட்டு அனுப்பினான். முதல் வரியில் அவள் பெயர். அவள் அதை ஒரு தடவை படித்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, இட்லிக்கு அரிசி ஊறவைக்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ராமராஜன் போன் செய்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் கேலி எல்லாம் போயிருந்தது. தானும் கவசத்தைக் கலைத்துவிடப் போவதாகவும், அந்த அமைதியைக் காதில் பிடிக்கிற வித்தையை மட்டும் சொல்லிக் கொடுக்கச் சொல்லியும் கெஞ்சினான். லட்சுமி தறியிலிருந்து எழுந்திருக்காமலே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு வரி நாடா வீசினாள்.

"அதுக்குப் பத்தொம்போது வருஷம் ஆவும் தம்பி. நீ கவசமே போட்டுக்கோ."